'வந்தாச்சு' பொத்தான்

பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்ப்பவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் 'மேல்கீழ்'. ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான் இருப்பார், கருவிப்பை தொங்கும் தோள் இறங்கி, மற்ற தோள் ஏறி. மனைவி மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் முறைப்பாள். ஊரெல்லாம் மாடி மாடியாக அலைகிறவர் குடியிருப்பது தரைத்தளத்தில். நல்ல மாடி வீடு ஒன்று காலியானபோது, "வீட்டுக்கு வந்தும் ஏறணுமா? ஆளை விடு" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்.

வேலையில் கெட்டிக்காரர். கதவில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று பாதி சொல்லிவிடுவார். வழி கண்டுபிடிப்பதில்தான் கொஞ்சம் மட்டு. முன்பெல்லாம் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. முனைக்கு முனை வண்டியை நிறுத்தி, பெட்டிக்கடை, சைக்கிள் கடை என்று வாய்விட்டுக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிடுவார்.

பிறகு அலுவலகம் செல்போனில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தது. அழைப்பு வந்தால் அதில் விலாசம் தெரியும். கீழே 'வழி' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் மேப் தானாகத் திறந்து கூட்டிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்ததும் 'வந்தாச்சு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழைப்பு வந்து பதினைந்து நிமிடம் தாண்டினால் திரை சிவந்துவிடும். சிவந்தால் மேலாளருக்கு விளக்கம் எழுத வேண்டும்.

இதில்தான் கோளாறு. ஆப்பில் 'வடக்கு வாசல், ஆறாவது பிளாக்' என்று விலாசம் சரியாகவே இருக்கும். மேப்புக்குப் போவதோ வெறும் ஒரு புள்ளி. குடியிருப்பின் நட்டநடுவில் விழும் அந்தப் புள்ளிக்கு எந்தத் தெரு பக்கமோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சேருமிடம் வந்துவிட்டது என்று ஒரு பெண்குரல் கூசாமல் சொல்லும். அது வாசலா, சாக்கடை ஓரமா என்ற கவலையெல்லாம் அதற்கு இல்லை. மேல்கீழ் இரண்டு முறை புகார் சொன்னார். "ஆப்பை அப்டேட் பண்ணுங்கண்ணே" என்றார்கள். பண்ணினார். பொத்தானின் நிறம் மாறியது.

அதனால் மெக்கானிக்குகள் எல்லோருமே ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். குரல் கேட்டதும் 'வந்தாச்சு'வைத் தட்டிவிடுவது, வாசலைப் பிறகு தேடுவது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று மேல்கீழும்தான் நினைத்தார். அதை மறைத்துப் பயனில்லை.

அன்று காலை பத்தே கால் மணிக்கு ஓர் அழைப்பு. எட்டு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், தனியாக, ஆஸ்துமா உள்ளவர். குப்பை கொட்டக் கீழே இறங்கியவர். மூச்சிரைத்தால் அடித்துக்கொள்ளும் மருந்து வீட்டு மேசைமேல் இருந்தது.

மேல்கீழ் பறந்தார். பதினாலாவது நிமிடம் குரல் சொன்னது, கட்டைவிரல் தானாகப் போய்த் தட்டியது. நிமிர்ந்தால் எதிரே இரண்டு ஆள் உயர மதில். கதவு என்ற பேச்சே இல்லை. அந்தப் பக்கம் லிஃப்டின் அபாய மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை. அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் பின்பக்கச் சுவர்கிட்ட நிக்கறேன். வாசல் எந்தப் பக்கம்?"

"என்னண்ணே சொல்றீங்க? இங்க வந்தாச்சுன்னு காட்டுதே!"

"தட்டிட்டேம்மா. வாசலைச் சொல்லு."

மறுமுனையில் அந்தப் பெண் சொன்னாள்: "கட்டடத்துல கூப்பிட்டாங்கன்னு தீயணைப்பு வண்டிக்காரங்க இப்பத்தான் கேட்டாங்கண்ணே, வரணுமான்னு. எங்க ஆள் வந்துட்டாரு, நீங்க வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஐயோ, மறுபடி கூப்பிடும்மா!" என்று அலறினார். அவள் கூப்பிட்டாள். அந்த வண்டி அதற்குள் வேறொரு தீயை நோக்கிப் போய்விட்டிருந்தது.

மதிலை ஒட்டி ஒரு கால்வாய். அதைத் தாண்டப் பாலம் வரை போய், ஒருவழித் தெருக்களில் வளைந்து வடக்கு வாசலுக்கு வர இருபது நிமிடம் ஆயிற்று. அபாய மணி எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்ட் இயந்திர அறைக்கு ஓடினார். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, கையால் சக்கரத்தைச் சுற்றி மூன்றாவது மாடிக்கு இறக்கிக் கதவைத் திறக்க ஆறே நிமிடம். குப்பை வாளியின் பக்கத்தில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தார் அந்த மனிதர். மூச்சு இழையாக ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தபோது மேலாளர் போன் செய்தார். "பதிவுல பதினாலு நிமிஷம்னு சுத்தமா இருக்கு. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

மனைவியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"வெளிய சொன்னா வேலை போயிடுமா?"

"போயிடும்."

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

சிறிது நேரத்தில் அந்த மனிதரின் மகள் வெளியே வந்தாள். நேராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானேண்ணே திறந்தவர்? உங்களை மறக்க மாட்டேன். உயிருக்கு ஆபத்து இல்லைங்கறாங்க. ஆனா ரொம்ப நேரம் மூச்சு கிடைக்காததுல அப்பாவுக்கு என்னைத் தெரியல. 'யாரும்மா நீ'ங்கறார்." அழுகையை விழுங்கிக்கொண்டாள். "உங்க ஆபீஸ்ல கேட்டேன். நீங்க பதினாலு நிமிஷத்துல வந்துட்டீங்களாம். அப்புறம் கதவைத் திறக்க மொத்தம் நாப்பது நிமிஷம் எப்படி ஆகும்? அந்த மாடி ஆளுங்கதான் உங்களுக்கு வழி விடாம வேடிக்கை பார்த்திருக்காங்க. அவங்களைச் சும்மா விட மாட்டேன்."

அந்த மாடி ஆட்கள் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கி நின்றதை அவர் பார்த்திருந்தார். அவள் பிடியில் இருந்த தன் கை அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அவங்க மேல தப்பில்லம்மா" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். மதில், மணி, கட்டைவிரல், திரும்பிப் போன வண்டி, ஒன்றையும் விடவில்லை.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

தலையாட்டினார். அவள் பையைத் துழாவி, மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள். தொடைமேல் கருவிப்பையை வைத்து, அதன்மேல் சீட்டை வைத்து, பெயர், வேலை எல்லாம் எழுதிய பிறகு அவர் எழுதினார்: 'பதினாலாவது நிமிடம் நான் வரவில்லை.'