ஐந்தாவது வரி

சட்டை ஆலையில் அவள் கண்ணின் கூர்மைக்காக எல்லோரும் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போகுமுன் அவள் மேசைக்கு வரும். காலர், பொத்தான், கைப்பட்டி, பக்கத் தையல், அடிமடிப்பு. பதினெட்டு வருடமாக அந்த வரிசை மாறியதில்லை. குறை இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், இல்லையென்றால் அவளுடைய பதினேழாம் எண் முத்திரை.

மேற்பார்வையாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டுமென்றே ஒரு பழுதான சட்டையை நல்லவற்றின் நடுவே செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வேறெங்கோ பார்ப்பார். அவளிடம் அந்த ஜம்பம் பலிக்காது. "சார், உங்க பிள்ளை வழி தவறி இங்க வந்திருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்பாள். மேசை மேசையாகச் சிரிப்பு பரவும்.

வீட்டிலும் தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். விடிகாலை ஐந்தரைக்குச் சமையலறை மூலையில் ஜெபிக்க முழங்கால் போடுவாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எல்லாம் தம்பிக்காக.

அம்மாவை அடக்கம் செய்த அன்று அவன் குடித்துவிட்டுக் கல்லறைக்கு வந்தான். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சபையார் அத்தனை பேர் முன்னால் அவள் வாய்க்கு வந்தபடி பேசினாள். "இனிமே என் வாசல்ல கால் வைக்காதே." ரோஷக்காரன், வைக்கவில்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதே தெரியாது. என்றாவது கூப்பிடுவான் என்று போன் எண்ணைக்கூட அவள் மாற்றாமல் வைத்திருந்தாள்.

முதல் வருடம் அவள் ஜெபம் வெறும் அழுகை. அவன் பெயரைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. போகப்போக அழுகை ஒரு வரியானது. போதகருக்குச் சுகம், கணவருக்கு வேலை, சபைக்கு ஒற்றுமை, ஊருக்கு மழை, ஐந்தாவதாக, "என் தம்பியை என்னிடம் கொண்டுவாரும் ஆண்டவரே." அடுப்பில் பால் பொங்குகிற நேரமும் அதுதான். பாதி மனசு பாத்திரத்தில் இருக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சரியாக அந்த ஐந்தாவது வரியில் போன் அடித்தது. தெரியாத எண். ஜெப நேரத்தில் எவன் இவன் என்று எரிச்சலோடு துண்டித்தாள். "என் தம்பியை" என்று மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அடித்தது. சத்தத்தையே அடைத்துவிட்டு, வரியை முடித்து, ஆமென் சொல்லி, பாலை இறக்கிவைத்து, வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் ஒரு சட்டையை அவள் முன் விரித்தார். இடது கையில் கைப்பட்டியே இல்லை. அதன்மேல் அவளுடைய பதினேழு.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"பார்த்தேனே சார்!"

"கை பார்த்திருக்கும். கண்ணு பார்க்கலை. மனப்பாடம் ஆயிட்டா அப்படித்தான் ஆகும். விடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டாள். சட்டைக்காக அல்ல. காலையில் அடித்த போன் நினைவுக்கு வந்துவிட்டது.

கழிவறைக்கு ஓடி அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"பஸ் ஸ்டாண்டு டீக்கடைங்க. காலைல ஒருத்தர் போன் வாங்கிப் பேசப் பார்த்தாரு. ரெண்டு தடவை போட்டாரு. அக்கா எடுக்கலைன்னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"ஆள் எப்படி இருந்தாரு?"

"ஒல்லியா. முடியெல்லாம் நரைச்சு. இடது புருவத்துல ஒரு தழும்பு."

சின்ன வயதில் சண்டையில் அவள் தள்ளிவிட்டு வந்த தழும்பு அது.

"குடிச்சிருந்தாரா?" கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சேச்சே. குளிச்சு, சட்டையெல்லாம் தேச்சுப் போட்டு, விருந்துக்குப் போறவர் மாதிரி இருந்தாரும்மா. எந்த பஸ்ல ஏறினாருன்னுதான் கவனிக்கலை. மறுபடி வந்தா சொல்றேன்."

குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். ஒன்பது வருடமாகக் கேட்டாள். ஆண்டவர் கொடுக்க வந்தார். கொஞ்சம் இருங்க, உங்ககிட்டதான் கேட்டுட்டு இருக்கேன் என்று சொல்லாத குறையாக அவரையே துண்டித்துவிட்டாள்.

மறுநாள் பாலை அடுப்பில் ஏற்றவில்லை. போனின் சத்தத்தைக் கூட்டி முழங்காலுக்கு முன்னால் வைத்தாள். வரிகள் ஒன்றும் வாயில் வரவில்லை. "சுண்டு" என்றாள். அவன் செல்லப்பெயர். திட்டிய நாளுக்குப் பிறகு அதை அவள் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. பழையபடி அழுதாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபித்தாள்.

நான்கு மாதம் போயிற்று. டீக்கடைக்காரர் கூப்பிடவில்லை. ஒரு காலை போன் அடித்தது. பால் வண்டி கிளம்பிவிட்டதா என்று யாரோ கேட்டார். தப்பான எண். "பரவாயில்லைங்க" என்று வைத்தாள்.

முகமெல்லாம் சவர நுரையோடு கணவர் எட்டிப் பார்த்தார். "யாரு?"

"அவன் இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனா இருந்திருந்தா நான் எடுத்திருப்பேன்தானே?"

"முதல் மணி முடியறதுக்குள்ள எடுத்துட்டே," என்றார் அவர். "நான் பார்த்தேன்."

அவள் போனை மறுபடி தரையில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள்.