சத்தமாகச் சொன்ன விடை

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து ஆங்கில வகுப்பு நடத்தினேன். கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை; அதன் முகப்பில் ஆமி சென்றி, துவக்கோடு காவல் நிற்பார்கள். படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்தவர்கள்.

அவர்களில் ஒரு பெண்ணுக்குத்தான் அவசரம். கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. வேலை கிடைத்தால், கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று கேட்கும் பொலிசுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். கிடைக்காவிட்டால் ஊருக்குத்தான். கெட்டிக்காரி; குரல் மட்டும் தொண்டையைத் தாண்டாது. "சத்தமாச் சொல்லும் பிள்ளை" என்று கத்தியே என் தொண்டை கட்டிப்போனது.

கப்பல் கம்பனியில் வாயைத் திறந்தால் சுருக்கச் சொற்கள்தான் என்பதால் ஒருநாள் அதையே பாடமாக எடுத்தேன். 'போன்' தலை வெட்டப்பட்ட சொல், 'போட்டோ' வால் வெட்டப்பட்டது. 'டோன்ட்' இரண்டு சொற்களை ஒட்டி இடையில் ஓர் எழுத்தை விழுத்தியது. 'ரேடார்' பல சொற்களின் முன்னெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக வாசிப்பது. கப்பலில் ஏற்றும்வரை செலவு விற்பவருக்கு என்று குறிக்கும் 'எஃப்.ஓ.பி.' அப்படியல்ல, அதை எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும்.

"இதைப்போல எழுத்தெழுத்தாச் சொல்லுற ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அவள் எழும்பினாள். முதல் தடவையாகக் கணீரென்று சொன்னாள். நாடே அறிந்த இயக்கத்தின் நாலு எழுத்துகள். ஒருவர் விடை சொன்னால் மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வது எங்கள் பள்ளிக்கூடப் பழக்கம். நான் கையைத் தூக்கித் தடுப்பதற்குள் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதைச் சொல்லி முடித்துவிட்டது.

சென்றியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இங்கிலீஷ் கிளாஸ்தான் மாத்தயா என்று சிங்களத்தில் குழைந்தேன். முதலில் சொன்னது யார் என்று கேட்டார்கள். அவளே கையை உயர்த்தினாள், பொலிசுக்குக் கூட்டிப்போனார்கள். பின்னேரம் விட்டுவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவள் சொன்னது சரியான விடை. அதற்கு ஒரு 'வெரி குட்' சொல்லக்கூட வக்கில்லாத ரீச்சராக நின்றேன். இதற்குள் வீட்டுக்காரம்மா வேறு வந்து, "இனிச் சத்தம் றோட்டுக்குக் கேட்டா அறையை விட்டிடுங்கோ" என்றார். அடுத்த நாளிலிருந்து யன்னல்களைச் சாத்திவிட்டு, "மெல்லமாக் கதையுங்கோ" என்பதே என் பாட்டாகிவிட்டது. அந்த வெக்கையில் கிசுகிசுத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தோம்.

நேர்முகத் தேர்வு முடிந்து அவள் நேரே என்னிடம் வந்தாள். முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

"என்ன கேட்டவை?"

"நீங்கள் படிப்பிச்சதுதான் ரீச்சர். எஃப்.ஓ.பி.யும் கேட்டவை."

"சொன்னனீரோ?"

"ஓம், எல்லாம் சரியாச் சொன்னனான்."

"பிறகென்ன?"

"அவைக்குக் கேக்கேல்லையாம்."