மஞ்சச் சட்டை வரைக்கும் பாயசம்

பாயசம் என்னைத் தாண்டிப் போன அந்த நொடியில்தான் ஐடியா வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். நண்பன் முரளியின் சித்தப்பா மகளுக்கு. பந்தியில் சரியாக நடுவில் உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவர்களின் தலைவர் இரண்டு வாளிக்காரர்களுக்கு உத்தரவு போட்டார்: "ஏப்பா, நீ மஞ்சச் சட்டை வரைக்கும். நீ மஞ்சச் சட்டைக்குப் பெறகு."

மஞ்சள் சட்டை அடியேன்.

முதல் வாளி எனக்கு முந்தின இலையில் நின்று திரும்பிப் போனது. இரண்டாவது வாளி எனக்கு அடுத்த இலையில், அதாவது முரளி இலையில், ஆரம்பித்தது. நான்...? இரண்டு பாயசங்களுக்கு நடுவே வெறும் அப்பளத்தோடு.

"மாப்ள, அறுபத்து நாலு!" என்று கத்தினேன்.

முரளி தலையைத் தூக்கினான். "என்னடா, அம்புட்டு ஐட்டமா போட்டாங்க?"

முன்கதை இதுதான். ஆரப்பாளையத்தில் பாண்டி அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். வைரஸ் குப்பை வந்து குவிந்து நெட் நொண்டுகிறது. அந்தக் குப்பையை வாசலிலேயே வடிகட்ட நானும் முரளியும் ஒரு ஃபில்டர் எழுதுகிறோம். அது உட்காரப்போகும் இடம் கெர்னல். மிலிட்டரி கர்னல் இல்லை சார் — கம்ப்யூட்டரின் அடிமடி! மேலே ஓடும் புரோகிராம் தப்புச் செய்தால் அது மட்டும் சாகும். கெர்னலுக்குள் தப்பு நடந்தால் மொத்த மெஷினும் படுத்துவிடும்.

அதற்குள் ஒரு ஜஸ்ட்-இன்-டைம் கம்பைலர். பெயர்தான் பெரிசு. வடிகட்டும் விதியைக் கொடுத்தால் அந்த நிமிஷமே மெஷின் பாஷைக்கு மாற்றிவிடும். ஆர்டர் சொன்ன பிறகு கல்லில் ஊற்றும் தோசை மாதிரி. சுடச்சுட, படுவேகம். ஆனால் அந்த விதி, நெட்டில் வந்திருக்கும் தகவல் பொட்டலத்துக்கு, அதாவது பாக்கெட்டுக்கு, வெளியே கையை நீட்டி அடுத்தவர் மெமரியைப் படிக்கக் கூடாது. அதைத் தடுக்கும் காவலையும் தோசைக்குள்ளேயே வைத்துச் சுட வேண்டும்.

திங்கட்கிழமை மாட்டுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை ப்ளஸ் டூ ரிசல்ட்! பாண்டி அண்ணன் முன்னாலேயே சொல்லியிருந்தார்: "தம்பிகளா, ரிசல்ட் அன்னைக்கு மெஷின் படுத்துச்சு... வாசல்ல நிக்கிற அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் அவுகளப் பெத்தவுகளுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். நான் பின்வாசல் வழியா ஓடிருவேன்."

காவலை எழுதியது முரளி. அதற்கு டெஸ்ட் எழுதியது நான். அறுபத்து நாலு பைட் உள்ள பாக்கெட். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆகவே கடைசி பைட்டின் நம்பர் 63. நான் பத்தைக் கேட்டேன், கொடுத்தது. நாற்பதைக் கேட்டேன், கொடுத்தது. நூறு, ஆயிரம் — மறுத்தது. ஆகா, எல்லாம் பாஸ்!

64-ஐ மட்டும் நான் கேட்கவே இல்லை. எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த மஞ்சள் சட்டையை.

மோர் வருவதற்குள் எழுந்துவிட்டோம். முரளி வீட்டில், சோதனைக்கென்றே வைத்திருக்கும் பழைய மெஷின். 64-ம் நம்பர் பைட்டைக் கேட்டேன். மறுக்க வேண்டியது... ஏதோ ஒரு எண்ணை எடுத்து நீட்டியது.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றான் முரளி.

அதுதானே பயமே! இந்த முறை பாக்கெட்டை மெமரியின் விளிம்பில், அடுத்து எதுவுமே இல்லாத இடத்தில் நிறுத்தினேன். மறுபடி 64.

ஸ்கிரீன் உறைந்தது. மவுஸ் அம்பு உட்பட.

"நான் என்ன சொன்னேன்? அறுபத்து நாலு வரைக்கும்தான விடச் சொன்னேன்?"

"அதத்தான விட்டுருக்கேன்!" முரளி வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், சண்டைக்கு மட்டும் அக்மார்க் மதுரைத் தமிழ்.

"வரைக்கும்னா அதுக்கு முன்னாடியே நிக்கணும்டா."

"அப்ப திருப்பரங்குன்றம் வரைக்கும் டிக்கெட் எடுத்தா பசுமலையிலயே எறங்கிருவியா?"

இதை அந்த வாளிக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

நாம் எல்லோரும் டெஸ்ட் வைக்கிறோம் — மாப்பிள்ளைக்கு, வீட்டு புரோக்கருக்கு, புது ஸ்கூட்டருக்கு. என்ன கேட்கிறோம்? எதற்குப் பதில் நிச்சயம் தெரியுமோ அதை. சந்தேகமான அந்த ஒரு கேள்வியை மட்டும் மரியாதை கருதி விட்டுவிடுகிறோம். மெஷினிடம் எதற்கய்யா மரியாதை?

காவலைத் திருத்தினோம். 64 மறுக்கப்பட்டது. சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. 62-ல் தொடங்கி 65 முடிய நாலு பைட் கேட்டேன். காவல் சமர்த்தாக உள்ளே விட்டது! தன் இலையில் உட்கார்ந்தபடியே பக்கத்து இலை வடையை எடுக்கிற ஆசாமி இவன். மறுபடி உறைந்த ஸ்கிரீன்.

சாயங்காலம் பாண்டி அண்ணனிடம் போய் நின்றோம். திங்கட்கிழமை வேண்டாம், இன்னும் சோதிக்க வேண்டும் என்றோம். திட்டுவார் என்று பார்த்தால் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நல்லதாப் போச்சு. ரிசல்ட் வரைக்கும் என் மெஷினத் தொடாதீக."

நானும் முரளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, வரைக்கும்னா... ரிசல்ட் நாளும் சேத்தா, சேக்காமயா?"

"போங்கடா வெளிய!"

இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

வடைத் திருடனை நேற்றுப் பிடித்துவிட்டோம். அடுத்து மைனஸ் ஒன்று — முதல் இலைக்கும் முன்னால் உட்கார்ந்துகொண்டு பாயசம் கேட்பவன். இன்று சாயங்காலம் அவனைப் பந்திக்கு அனுப்புகிறோம்.