அக்கா வீட்டுக்குப் போய் வந்தவள்

குளிர்கால விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய மரி-எவ் அன்று எனக்கு 'பொன்ஜூர்' சொல்லவில்லை. "வாங்க, சாப்டீங்களா?" என்றாள். மொன்ட்ரியாலை ஒட்டிய லொங்குய்யில் எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டறையில், மைக்ரோவேவ் முன்னால், அச்சு அசலாக என் அக்காவின் இழுப்பில். இந்த நகரத்தில் என்னோடு மலையகத் தமிழில் பேசிய முதல் ஆள் ஒரு கியூபெக் வெள்ளைக்காரி.

நான் இலங்கையின் தென்மேற்கு மலைச்சரிவில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். கட்டியது யாழ்ப்பாணத்துக்காரரை. மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில் நான் 'வாங்க, போங்க' என்று பேசினால் கோயிலில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கேலி என்று சொல்லிவிட முடியாத சிரிப்பு. ஆனாலும் அடுத்த குளிர்காலத்துக்குள் நான் 'ஆமா'வை விட்டு அவர்களைப் போல 'ஓம்' சொல்லப் பழகியிருந்தேன். என் ஊர் எது என்று யாராவது கேட்டால் இவர் முந்திக்கொள்வார்: "மலைநாடு. வடிவான இடம். பள்ளிக்கூடச் சுற்றுலாவிலை நாங்களும் போனனாங்கள்." எல்லோருக்கும் அது போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம். இதை வாசிக்கும் நீங்களும் போயிருக்கலாம்.

மரி-எவ்வுக்கு மட்டும் அது போதவில்லை. பயணிகள் போகும் இடங்கள் வேண்டாம், ஊர்க்காரியைப் போல அந்த ஊரைப் பார்க்க வேண்டும், நீதானே ஊர்க்காரி, சொல் என்று போன கோடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ரயிலை விட்டு இறங்கியதும் பஸ் நிலையத்துக்கு எதிரில் மீன் அடைத்த மாலுபாண் வாங்கு, சூடாக இருக்கும். காரில் ஏறாதே, தோட்டத்து பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கினால் குடையை எடுத்து வைத்துக்கொள். கடைசியில், அக்கா வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா என்றும் சொன்னேன். அவள் தேத்தண்ணியோடு நிற்கவில்லை. நாலு நாள் தங்கிவிட்டாள்.

"இதோ பார்," என்று போனை நீட்டினாள். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். ரொட்டி தட்டிக்கொண்டே சிரிக்கும் அக்கா. முன்பல் இரண்டைக் காணோம். அடுத்த படத்தில் வீட்டின் பின்சுவர், மேலிருந்து கீழ்வரை கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதற்கு அப்பால் மண்மேடு சரிந்து கிடந்தது. சமைக்கும் குசினி இருந்த இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய். "பச்சை மலைக்கு எதிரே அந்த நீலத்தைப் பாரேன்!" என்றாள் மரி-எவ்.

அக்கா வீடியோவில் பேசும்போதெல்லாம் போனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பாள். நெற்றியும் கண்ணும்தான் தெரியும். போனைப் பிடிக்கத் தெரியவில்லை என்று நானும் பிள்ளைகளும் சிரிப்போம். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அதுக்கென்னா, நல்லாருக்கு," என்பாள்.

மண்சரிவுக்கு பிரெஞ்சில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. "லா மொந்தாஞ் எ தோம்பே," என்றேன். மலை விழுந்துவிட்டது. மரி-எவ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எவ்வளவு கவித்துவமாகப் பேசுகிறாய் என்றாள். பிறகு, "எதுவுமே இல்லாமல் உன் அக்கா எத்தனை சந்தோஷமாக இருக்கிறாள்! அதை விட்டுவிட்டு நீ ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்டாள். அவள் கெட்டவள் அல்ல. கெட்டவளாயிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை, நான் குடியிருக்கும் மொன்ட்ரியால்-நோரில் பஸ்ஸுக்கு நின்றபடி அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே அந்திப் பொழுது.

"மண்ணு சரிஞ்சத ஏன்க்கா சொல்லல்ல?"

"சொன்னா என்னா செய்வ, பறந்து வருவியா?" கோபமில்லாமல்தான் கேட்டாள். "மழ பேஞ்சா மட்டும் கோயில்ல போய்ப் படுத்துக்குவோம்." உடனே குரல் மலர்ந்தது. "ஒங் கூட்டாளி நல்ல புள்ள. கட்டில அதுக்குக் குடுத்துட்டு நாங்க வாசப்பக்கத்து இஸ்தோப்புல படுத்தோம். போறப்ப என்னையக் கட்டிப்புடிச்சு அழுதுச்சு."

ஊருக்குப் போய் வர முதலில் என்னிடம் குடியுரிமைப் பத்திரங்கள் இல்லை. பிறகு பிள்ளைகள் சிறிசு. பிறகு போகாமலிருப்பதே பழகிவிட்டது. அம்மாவின் சாவுக்கும் போகவில்லை. நான் அழவேண்டிய வாசலில், நானே வழி சொல்லி அனுப்பிய ஒருத்தி அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

"வார சித்திரைக்கு நானும் வாறேன்க்கா," என்றேன்.

"வாம்மா. ஆனா இங்கன தங்க முடியாது ஒனக்கு. டவுன்ல நல்ல ரூம் இருக்காம், சுடுதண்ணியெல்லாம் வருதாம். சொல்லி வைக்கவா?"

"மரி-எவ் தங்குனாளே?"

"அது எதப் பாத்தாலும் சிரிக்குது. நீ பாத்தா அழுவ." பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "அதோட இங்க குளிரு வேற. ஒனக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

பஸ் இன்னும் வரவில்லை. என் கண்ணிமைகளில் பனி உறைந்திருந்தது. உதடு விறைத்துப்போயிருந்தது.

"ஒத்துக்காதுதான்க்கா," என்றேன். "ரூமே பாரு."