அயிரைகள் பார்க்கும் பக்கம்

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, வலது கையைத் தொட்டிக்குள் விட்டு, உள்ளங்கையைப் பம்ப்பின் வாய்க்கு நேராக விரித்துப் பிடிக்கிறார் மோட்டார்க்காரர். கண்ணை மூடிக்கொள்கிறார். "தள்ளுது. ஆனா அடிக்கல. அடிக்கணும்," என்கிறார். யாரிடம் என்று கேட்கக் கூடாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

முப்பது வருடமாக, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கை அது. கடைக்கு வருகிறவர்களிடம் நாலு வார்த்தைதான் பேசுவார். "காயில் போச்சு. வியாழக்கிழமை வாங்க." மனைவி இறந்த பிறகு வீட்டில் அந்த நாலுக்கும் வழியில்லாமல் போயிற்று.

ஒரு நாள் மீன்காரியின் தட்டில் துள்ளிய அயிரைகளைச் சமைக்கத்தான் வாங்கி வந்தார். "மொறைச்சுப் பாக்குதுங்களே, எப்படி அலசறது?" என்று வாளியில் விட்டார். வாளி, நாலடி நீளத் தொட்டியாயிற்று. ஓடுகிற தண்ணீரில் பிழைத்த மீனுக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாதே! ஒரு முனையில் இரண்டு பம்ப்புகளை மாட்டினார். மறு முனையில் தண்ணீரை உறிஞ்சும் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றி, கூழாங்கற்களுக்கு அடியில் ஓட்டிக்கொண்டு வந்து அதே பம்ப்புகளில் சேர்த்தார். மேசை மேல் ஓர் ஆறு, ஒரே திசையில் ஓடியது.

மோட்டார் தெரிந்த மனிதர் மீனில் கோட்டை விட்டார். தண்ணீர் போகிற பக்கம்தான் மீனும் பார்க்கும் என்று நம்பி, பம்ப்புகளை, தான் சாப்பிட உட்காரும் நாற்காலிக்கு எதிர் முனையில் வைத்திருந்தார். மீன்களோ தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து நின்றன. அவருக்குக் கிடைத்தவை பன்னிரண்டு வால்கள். "பாரு, இதுங்களும் முதுகைக் காட்டுது!" கடையை ஒரு நாள் மூடிவிட்டு, எல்லாவற்றையும் பிரித்து மாற்றிப் பூட்டினார். இப்போது அவர் சாப்பிட உட்கார்ந்தால் பன்னிரண்டு மீசை முகங்களும் அவரைப் பார்க்கின்றன. நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் போட்டிருக்கலாமே என்றால், "அங்க சிக்னல் கிடைக்காது," என்கிறார்.

சிக்னல் மகளுக்காக. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவள், ஞாயிறு மாலை நாலு மணிக்கு வீடியோவில் வருவாள். பேச்சு இவரோடு, பார்வை கணினியில். "ம்... சொல்லுங்கப்பா... ம்." அவருக்கு வாய்த்தது அவளுடைய இடது காதுதான். தோடு மாற்றினால் அன்றே கண்டுபிடித்துவிடுவார். கோபமெல்லாம் கிடையாது, அவள் பிழைப்பு அப்படி என்பார். ஆனால் பேசி முடித்ததும் அணைந்த போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது அவரைப் பார்க்கச் சகிக்காது.

போன ஞாயிறு, அவள் வந்த இரண்டாவது நிமிடம் மின்சாரம் போயிற்று. பம்ப்புகள் நின்றன. ஓட்டம் இல்லாமல் அயிரைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பின. ஒன்றிரண்டு மேலே வந்து வாயைப் பிளந்தன. போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, குவளையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார்.

"அப்பா, என்ன சத்தம்? என்ன பண்றீங்க?" மகள் முழு முகமாகத் திரும்பியிருந்தாள்.

"கரண்ட் இல்லம்மா. தண்ணி ஓடலன்னா இதுங்களுக்கு மூச்சு முட்டும்."

"அய்யோ! பொழச்சுக்குமா? இன்னும் மேலேருந்து ஊத்துங்கப்பா. அந்த ஓரத்துல ஒண்ணு அசையவே இல்ல பாருங்க... உங்களுக்குக் கை வலிக்கலையா?"

அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருப்பதை அன்றுதான் பார்த்தார். இருபது நிமிடம் அவர் ஊற்ற, அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பம்ப்புகள் உறுமின.

"கரண்ட் வந்துருச்சாப்பா?"

"இன்னும் இல்லம்மா," என்றவர், இடது கையை மேசைக்குப் பின்னால் விட்டு பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு, வலது கையால் அடுத்த குவளைத் தண்ணீரை அள்ளினார்.