கண்ணோரத்தில் முட்டை வெள்ளை

போன மாதம் தோல் டாக்டரிடம் போனேன். முழங்கையில் ஒரு தடிப்பு, அதற்காகத்தான். அந்தப் பெண் டாக்டர் தடிப்பைப் பார்த்த நேரத்தைவிட என் முகத்தைப் பார்த்த நேரம் அதிகம். "கண்ணோரத்துல கோடு விழ ஆரம்பிச்சிருக்கு மேடம், கவனிச்சீங்களா?" என்றாள். கவனித்திருக்கிறேன். என் வீட்டிலும் கண்ணாடி இருக்கிறது.

அவள் விடவில்லை. வெயிலில் இறங்கும் முன் சன்ஸ்கிரீன், அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண் என்றாள். ராத்திரியில் பட்டாணி அளவு ரெட்டினால் க்ரீம். கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் போகக் கூடாது, முதலில் எரியும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் லேசர். கடைசியாக ஊசி. ஊசி போட்டால் அந்த இடத்துத் தசை சுருங்காது, சில மாதங்களுக்குச் சிரித்தால்கூடக் கோடு விழாது.

சிரித்தால்கூட விழாது என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை. அவள் படித்ததைச் சரியாகத்தான் சொன்னாள். சன்ஸ்கிரீனை மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அக்ரஹாரம் வழியாக வீட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அந்த வழியாகத்தான் வந்தேன்.

நாங்கள் இருந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. இடித்துக் கார் நிறுத்துமிடமாக ஆக்கிவிட்டார்கள். அப்போது நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றி எல்லா வீட்டு வாசல்களும், தெருமுனையில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. அந்த வாசனை மட்டும் இன்னும் இருக்கிறது. அதில் நின்றதும் அத்தையின் முகம் வந்துவிட்டது. இப்போதைய முகம் இல்லை, எனக்கு ஒன்பது வயதில் இருந்த முகம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. முப்பதைத் தாண்டியிருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, தொங்கும் நூல் என்று நாள் முழுக்கக் கண்ணை இடுக்கித் தேட வேண்டும். அந்த இடுக்கல் கண்ணோரத்தில் கோடாக இறங்கியிருந்தது. அப்பா கட்டட மேஸ்திரி. மழைக்காலத்தில் வேலை இருக்காது. அத்தைக்குச் சம்பளம் வந்த அன்றுதான் அவர் வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் நிமிர்ந்து நின்று பேசுவார்.

ஆனால் கோட்டுக்குக் காரணம் வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "ஈன்னு இளிச்சு இளிச்சே கண்ணச் சுருக்கி வெச்சுருக்கா. இந்த மூஞ்சிய எவன் கட்டுவான்?" என்பார் அப்பா. அத்தை அதற்கும் சிரிப்பாள். அவள் சிரிப்பு குழாயடி வரை கேட்கும்.

அம்மா உண்மையாகவே பாடுபட்டாள். பாதாம் எண்ணெய் வாங்கித் தேய்த்தாள். வெள்ளரிக்காயை வட்டமாக அரிந்து அத்தையின் கண்மேல் வைத்தாள். நான் அதை எடுத்து உப்பு தொட்டுத் தின்றேன். ஒரு ராத்திரி பாலாடையைத் தடவிப் படுக்க வைத்தாள். விடிந்தபோது அத்தையின் ஒரு கண்ணை எறும்பு கடித்து, இமை பணியாரம் போல வீங்கியிருந்தது. அன்று கோடு தெரியவில்லை என்பது உண்மைதான்.

"இப்டியே வேலைக்குப் போயிரட்டுமா அண்ணி, ஒரு கண்ணு எளசா இருக்குது" என்று அத்தை கேட்டாள். அம்மாவே சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் ஹனூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வருவதாகச் சேதி வந்தது. சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறவர், அம்மாவும் மகனும் மட்டும். முதல் தடவையாக அத்தை, பெண் பார்க்க வருகிறவர் எப்படி இருப்பார் என்று அம்மாவிடம் கேட்டதை நான் கேட்டேன். கேட்டுவிட்டு, துணி மடிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினாள். அவள் கன்னடக்காரி, முன்னறையிலேயே பார்லர் வைத்திருந்தாள். எங்கள் வைத்தியங்களைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, ஜோரா அழுத்தித் தேய்க்காதீங்க ரீ. அந்த எடத்துத் தோலு வெங்காயத் தோலு மாதிரி. தேய்ச்சா இன்னும் கோடு விழும்."

"ஒரு காலைக்கு மட்டும் மறைஞ்சாப் போதும்" என்றாள் அம்மா.

"அப்ப முட்டை வெள்ளைய மெல்லிசா தடவுங்க, அஷ்டே, அவ்ளோதான். காஞ்சா தோலை இழுத்துப் பிடிக்கும். ஒரு மணி நேரம் தெரியாது. ஆனா சிரிக்கக் கூடாது. சிரிச்சா ஹோயித்து, எல்லாம் போச்சு."

முட்டையில்தான் சிக்கல். எங்கள் வீட்டுக்காரர் குப்பையில் முட்டை ஓட்டைக் கண்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆள். வாடகை குறைவு என்பதால் அந்த வரிசையில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஆகவே முட்டையை நான்தான் கொண்டுவந்தேன், நாலு தெரு தள்ளியிருந்த கடையிலிருந்து, டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து. வரும் வழியில் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "என்னம்மா, ஞாயித்துக்கிழமையுமா ஸ்கூல்?" என்றார். ஆமாம் என்றேன்.

அம்மா அத்தையை நாற்காலியில் அண்ணாந்து உட்காரவைத்து, பஞ்சால் கண்ணைச் சுற்றித் தடவி, விசிறியால் வீசினாள். காயக் காய முகம் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆனது. மேலே பவுடர். அழகாகத்தான் இருந்தாள், ஆனால் யாரோ மாதிரி இருந்தாள். "அத்தைக்குச் சிரிப்புக் காட்டினே, தோல உரிச்சுருவேன்" என்று அம்மா என்னை எச்சரித்தாள்.

காய்ந்த முட்டை நாறியது. வாடை வெளியே போகக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினாள் அம்மா. உள்ளேயும் தெரியக் கூடாது என்று ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தினாள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து பாயில் உட்கார்ந்தபோது எங்கள் வீடு கருவறை மாதிரிப் புகைந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு நாற்பது இருக்கும். கறுகறுவென்ற மீசை. அவர் அம்மாதான் பேசினார்.

"ஏனம்மிணி, கம்பெனில என்ன வேலைங்க?"

"செக்கிங்" என்றாள் அத்தை, உதட்டை மட்டும் அசைத்து.

"சமையலெல்லாம் வருமுங்களா?"

அத்தை மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"புள்ள பேசவே மாட்டீங்குதுங்களே. விருப்பமில்லீங்களோ?"

"அப்டியெல்லாம் இல்லீங்க. ரொம்ப அடக்கமுங்க" என்றார் அப்பா. அத்தையைப் பற்றி அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

பூட்டிய அறை, புகை, வெக்கை. மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியது. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அத்தை காப்பித் தட்டோடு அவர் முன்னால் குனிந்தது அப்போதுதான். கறையைத் தேடியே கண் பழகியவள், யாரும் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்துவிட்டாள். மீசையில் தடவியிருந்த கண்மை கரைந்து, வலது கன்னத்தில் காது வரை கறுப்பாக இழுத்திருந்தது. வெள்ளை மீசை முடிகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

அத்தை நினைத்திருந்தால் பேசாமல் நகர்ந்திருக்கலாம். அவள் ஒரு விரலால் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது, ஆனால் இடது கன்னத்தைத் துடைத்தார். அத்தை கண்ணால் அந்தப் பக்கம் காட்டினாள். அவர் மறுபடியும் இடது கன்னத்தையே துடைத்தார், இன்னும் அழுத்தமாக. இப்போது இரண்டு பக்கமும் கறுப்பு.

அவ்வளவுதான். அத்தை சிரித்துவிட்டாள். சத்தம் வராமல் அடக்கிப் பார்த்தாள், தோள் குலுங்கியது. கண்ணைச் சுற்றியிருந்த முட்டை வெள்ளை வெடித்து, மீன் செதில் மாதிரி உதிர்ந்தது. ஒரு செதில் காப்பி நுரையில் விழுந்து மிதந்தது. அவர் அதைப் பார்த்தார், அத்தையின் கண்ணோரத்தைப் பார்த்தார், தன் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த டம்ளரைத்தான் எடுத்துக் குடித்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று அவர் அம்மா சொன்னார்: "எம் பையனுக்குப் புடிச்சுப்போச்சுங்க. அவன் சிரிச்சுப் பாத்து நாளாச்சு."

"சொல்லி உடறோமுங்க" என்றார் அப்பா.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா ஆரம்பித்தார். "மீசைக்கு மை தடவிட்டு வந்துருக்கான் பாரு. வயச மறைச்சவன் இன்னும் என்னென்ன மறைச்சிருக்கானோ. ஏமாத்துக்காரனுக்குப் பொண்ணு இல்லை."

"நாம என்னத்தத் தடவி உக்கார வெச்சோம்?" என்றாள் அம்மா.

"அது வேற."

"எப்படி வேற?"

"நீ உள்ள போ."

அதற்கு முன் வந்த வரனுக்கு ஊர் தூரம். அதற்கும் முன் வந்தவருக்கு ஜாதகம் பொருந்தவில்லை. இப்போது மீசை. அடுத்த நாள் காலை அத்தை வழக்கம்போல நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடித்தாள், அதற்குப் பிறகு பல வருஷம் பிடித்தாள். ஒவ்வொரு வரனையும் தட்டிவிட்டவர் யார், எதற்காக என்று எனக்குப் புரிய அந்த வருஷங்கள் தேவைப்பட்டன. குற்றம் அவள் முகத்தில் இருக்கிறவரை அப்பாவுக்கு நிம்மதி. அவளுக்குக் கண்ணோரத்தில் கோடு, அதனால் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டே அவள் சம்பளத்தில் சோறு தின்றார். செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்கிறார்கள். எனக்கு அந்த நாகரிகம் இல்லை.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வாங்கி வந்த சன்ஸ்கிரீனைப் புறங்கையில் தடவி முகர்ந்து பார்த்துவிட்டு, "முட்டை வாசம் இல்ல, பரவால்ல" என்றாள். சிரித்தபோது அவள் முகம் முழுக்கக் கோடு. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று சாயங்காலம் உள்ளே அப்பா கத்திக்கொண்டிருந்தபோது, அத்தை குழாயடியில் உட்கார்ந்து முகத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தைத் தண்ணீர் தொட்டு ஊறவைத்து எடுத்தாள். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா சொன்னது ஒவ்வொன்றும் அங்கே கேட்டது.

"கண்ணு" என்றாள் அத்தை, என்னைப் பார்க்காமல். "அவரு சிரிச்சாரில்ல, அப்ப கண்ணோரத்துல கோடு விழுந்துச்சா?"

அப்பாவைப் போல அவளும் குறைதான் தேடுகிறாள் என்று நினைத்தேன். அவள் கட்சியில் நிற்க எனக்கு ஆசை. "நிறைய விழுந்துச்சு அத்தை. உன்னைவிட நிறைய."

கையில் அள்ளிய தண்ணீர் முகத்துக்குப் போகாமல் விரல் வழியே ஒழுகியது.

"காது வரைக்குமா?"

"காது வரைக்கும்."

"நெசமா?"

நிஜம் என்றேன். அவள் மறுபடியும் தண்ணீரை அள்ளினாள், மறுபடியும் நிறுத்தி, காது வரைக்குமா என்று கேட்டாள். ஒரு ஆளின் குறையை இத்தனை ஆசையாக எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று யோசித்துக்கொண்டே, நான் சொம்பை நிரப்பிக் கொடுத்தேன்.