இன்சீனில் பார்த்த மூங்கில் வைத்தியம்

இரங்கூனை ஒட்டிய இன்சீன் ரயில்வே குடியிருப்பு. நண்பர் மரியான் வீட்டுத் தோட்டத்தில், இலையெல்லாம் கருகி நிற்கும் மூங்கில் புதர் முன்னால் வைத்தியர் மாதிரி குந்தியிருக்கிறேன். இந்த வருடக் குளிர் இரங்கூனையே உலுக்கிவிட்டது. போன வருடம் கலா மலையூரில், உறைபனியில் வாடிய என் மூங்கிலைச் செத்ததென்று வெட்டி வெந்நீர் அடுப்புக்கு விறகாக்கினேன். மழை பெய்ததும் அடிக்கட்டையிலிருந்து பத்து முளை கிளம்பி என் மானத்தை வாங்கியது. அன்றிலிருந்து நான் மூங்கில் நிபுணன்.

அடிக்கணுவைச் சுரண்டுகிறேன். பச்சை!

"கோ மரியான், மழைக்குத் துளிர்த்துடும்!" என்று பர்மாக்காரர் மாதிரி 'கோ' போட்டு மரியாதையாகக் கூவுகிறேன்.

பட்டறை வேலை பறிபோன மரியான் என் வாயைப் பொத்துகிறார். "மெதுவாப் பேசுங்க. படகுல போயி ரெண்டு வருசமாத் திரும்பாத மவன் நட்டது. இது பொழைச்சா அவனும் வருவான்னு வீட்டுக்காரி கப்பலேற மாட்டேங்கிறா. நாளைக்கு மதராஸ் கப்பலை விட்டா வேற கெடைக்காது."

அதற்குள் அவர் மனைவி வாசலுக்கு வந்துவிடுகிறாள். "அண்ணே, உசிரு இருக்கா?"

மரியான் சுரண்டிய இடத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் நான் கருகிய இலையொன்றைக் கிள்ளிப் போடுகிறேன்.

"இல்லம்மா" என்கிறேன்.

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பெட்டி கட்டத் தொடங்குகிறாள்.